யோகம் கற்க யாரிடம் போவது: நூல், வகுப்பு, மன்றம், ஆசான், ஆசிரமம்

யோகம் கற்க வேண்டும் என்று முடிவு செய்த ஒருவர் அடுத்து எடுக்க வேண்டிய முடிவு, அதை யாரிடம் கற்பது என்பது. இந்த இரண்டாவது முடிவைப் பலர் தாமாக எடுப்பதே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வகுப்பு, நண்பர் போய்வந்த முகாம், யூடியூபில் முதலில் கண்ணில் பட்ட காணொளி என்று ஏதோ ஒன்று அவர்களுக்காக முடிவெடுத்துவிடுகிறது. கொஞ்சம் யோசிப்பவர்களோ இரண்டு பக்கமும் இழுக்கப்படுகிறார்கள். குருவில்லா வித்தை கருவில்லா முட்டை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், குரு என்ற பெயரில் நடந்த கொடுமைகளைச் செய்தித்தாள்களில் படித்தவர்களுக்கு யாரையும் நம்பத் தோன்றுவதில்லை. இரண்டு உணர்வுகளுக்கும் காரணம் இருக்கிறது என்பதால், இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வழியின் பெருமையையோ, அதை நிறுவியவரின் புகழையோ வைத்து அதை அளக்க வேண்டியதில்லை. பயிற்சி செய்பவரின் உடலையும் மூச்சையும் முகத்தையும் நேரில் கவனித்து, "இன்றைக்கு இது போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்த வழியில் இருக்கிறாரா என்பதை வைத்தே அளக்க வேண்டும். குருவின் மற்ற பணிகள் எல்லாம் இந்தக் கவனிப்பின் மேல் எழுபவை. இது இல்லாத இடத்தில் அவை நிற்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய நூல்களைப் பார்த்தால், குருவை வலியுறுத்துவதில் அவை ஒரே அளவில் இல்லை என்பது தெரியும். பதஞ்சலியின் யோக சூத்திரம் மனித குருவைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறது. முதல் பாதத்தின் 26ஆம் சூத்திரம் ஈசுவரனைக் குறித்து, காலத்தால் வரையறுக்கப்படாததால் அவனே முன்னோர்க்கும் குரு என்கிறது. அதே பாதத்தின் 14ஆம் சூத்திரம், நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யப்படும் பயிற்சியே ஊன்றி நிற்கும் என்கிறது. உடலையும் மூச்சையும் நேரடியாகக் கையாளும் நூல்களுக்கு வந்தால் குரல் மாறுகிறது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்வாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகை, ஆசனம் நிலைபெற்ற பிறகு குரு காட்டிய வழியிலேயே பிராணாயாமம் என்னும் மூச்சுப் பயிற்சியைப் பழக வேண்டும் என்று விதித்துவிட்டு, சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல் மூச்சை மெல்ல மெல்லத்தான் வசப்படுத்த வேண்டும், இல்லையெனில் அது சாதகனையே கொல்லும் என்று எச்சரிக்கிறது.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் தரும் கணக்கு இந்த எச்சரிக்கையின் காரணத்தை விளக்கிவிடுகிறது. பூரகம் (மூச்சை உள்ளிழுத்தல்) 16 மாத்திரை, கும்பகம் (உள்ளே நிறுத்துதல்) 64, இரேசகம் (வெளிவிடுதல்) 32 என்பது அந்தக் கணக்கு. மாத்திரை என்ற கால அளவை ஒரு நொடி என்று கொண்டால்கூட, ஒரே ஒரு மூச்சுக்கு 112 நொடி ஆகிறது. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறார். அதாவது ஒரு மூச்சுக்கு மூன்று முதல் ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியிலிருந்து 112 நொடிக்கு எந்தப் படிகளில் ஏறுவது, ஒவ்வொரு படியிலும் எத்தனை மாதம் நிற்பது, எந்த அறிகுறி தெரிந்தால் ஒரு படி இறங்குவது என்பதெல்லாம் பாட்டில் இல்லை. காற்றைப் பிடிக்கும் கணக்கை அறிவார் இல்லை என்று திருமூலரே இன்னொரு பாட்டில் சொல்கிறார். எண் நூலில் இருக்கிறது. ஏணி ஆசானிடம் இருக்கிறது. நூலை மட்டும் வைத்துக்கொண்டு கும்பகம் பழகுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம்.

இப்போது வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நூலும் காணொளியும் முதல் வழி. இதைத் தாழ்வாகப் பேசுவது சரியல்ல. பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளியிட்ட ஆசன நூல் ஏறத்தாழ 600 படங்களோடு, பின்னிணைப்பில் 300 வாரங்களுக்கான பாடத்திட்டத்தையும் தந்தது. ஆசிரியர் இல்லாத ஊர்களில் இருந்தவர்களுக்கு அது ஒரு பெரிய கொடை. ஐயங்காரே தம் ஆசானான கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரில் கற்ற காலம் குறுகியது; 1937இல் புனேவுக்குச் சென்ற பிறகு தம் உடலையே சோதனைக்கூடமாக்கி அவர் கண்டறிந்தது அதிகம். இதிலிருந்து, நூலும் முயற்சியும் போதும் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் ஐயங்கார் நாள் முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கியவர். காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் நாற்பது நிமிடம் ஒதுக்கும் ஒருவரால், தம் தோள் எந்த அளவுக்குச் சாய்ந்திருக்கிறது என்பதைத் தாமே உணர முடிவதில்லை. காணொளியைப் பார்த்துச் செய்யும்போது இன்னொரு சிக்கலும் உண்டு: திரையைப் பார்ப்பதற்காகக் கழுத்து திரும்புகிறது, மூச்சு திரையில் இருப்பவரின் வேகத்துக்கு ஓடுகிறது.

கண் அழுத்த நோய் உள்ளவருக்குச் சிரசாசனம் ஏன் கூடாது என்பதை எந்தக் காணொளியும் அவரைப் பார்த்துச் சொல்லாது. தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவது அளந்து அறியப்பட்ட செய்தி. தமக்கு அந்த நோய் இருப்பதே தெரியாதவர்கள் பலர் என்பதால், நாற்பது வயதைக் கடந்தவர்கள் கண் பரிசோதனை செய்துகொண்ட பிறகே தலைகீழ் ஆசனங்களைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குரு இல்லாமலும் உயர்நிலை அடையலாம் என்பதற்குப் பகவான் ரமணரை எடுத்துக்காட்டுவோர் உண்டு. 1896இல் மதுரையில், பதினாறு வயதில், மரண அச்சம் ஒன்றின் நடுவே தன்னை உணர்ந்தவர் அவர். மனித குரு எவரிடமும் தீட்சை பெறவில்லை. ஆனால் குருவே வேண்டாம் என்று அவர் போதிக்கவில்லை. குரு மனித வடிவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்றார், தமக்கு அருணாசலமே குரு என்றார், வந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பதில் சொல்லிக்கொண்டும் இருந்தார். அவர் காட்டிய தன்விசாரணையில் மூச்சைப் பிடிப்பதும் உடலை வளைப்பதும் மையமாக இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே அவரை முன்னிறுத்தி, வேகமான மூச்சுப் பயிற்சியான பஸ்திரிகையையும், உடலை இறுக்கிப் பூட்டும் பந்தங்களையும் தாமே பழகத் தொடங்குவது பொருந்தாத ஒப்பீடு.

இரண்டாவது வழி, சான்றிதழ் பெற்ற பயிற்றுநரின் வகுப்பு. நகரத்தில் எளிதில் கிடைப்பது இதுதான். அமெரிக்காவில் 1999இல் உருவான யோகா அலையன்ஸ் அமைப்பின் 200 மணி நேரப் பயிற்சி அளவுகோல் இன்று ரிஷிகேஷ் வரை பரவியிருக்கிறது. பல இடங்களில் அது ஒரு மாதத்தில் முடிந்துவிடுகிறது. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு நடத்திப் பல நிலைகளில் சான்றிதழ் தருகிறது. சான்றிதழ் ஒருவரின் குறைந்தபட்ச அறிவைக் காட்டும். ஆன்மிக வழிகாட்டும் தகுதியை அது காட்டாது, காட்டுவதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. முப்பது பேர் உள்ள கூடத்தில் பயிற்றுநர் முன்னால் நின்று தாமும் செய்துகொண்டே எண்ணிக்கை சொன்னால், பின்வரிசையில் இருப்பவரை அவர் பார்க்கவில்லை என்று பொருள். எட்டுப் பேர் உள்ள வகுப்பில், தாம் செய்யாமல் நடந்து சென்று ஒவ்வொருவரையும் பார்க்கும் பயிற்றுநர் கிடைத்தால், தொடக்க நிலை ஆசனங்களுக்கு அதைவிடச் சிக்கனமான நல்வழி இல்லை.

மூன்றாவது வழி தமிழ்நாட்டில் தனித்த வளர்ச்சி பெற்றது: குரு தொலைவிலும், அவர் வகுத்த பாடம் அருகிலும் இருக்கும் மன்ற முறை. வேதாத்திரி மகரிஷி (1911–2006) கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, உடற்பயிற்சியும் தவமும் அகத்தாய்வும் சேர்ந்த மனவளக்கலையை ஊர்தோறும் மன்றங்கள் வழியாகப் பரப்பினார். ஆழியாறு அறிவுத்திருக்கோயில் அதன் மையம். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மகராசனம், உடல் தேய்த்தல் என்று போகும் எளியமுறை உடற்பயிற்சியை அறுபது வயதுக்காரரும் முதல் வாரத்திலேயே செய்யலாம். புருவ மத்தியில் கவனம் வைக்கும் ஆக்கினைத் தவத்தைத் தீட்சையாகத் தரும் அதே முறை, அழுத்தமோ உடல் சூடோ மிகுந்தால் கவனத்தை முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவத்தையும் உடனே கற்றுத் தருவது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஏறுவதைக் கற்பிக்கும்போதே இறங்குவதையும் கற்பிப்பது, இந்த முறையை வகுத்தவர் சாதகரின் உடலில் என்ன நடக்கும் என்பதை நன்கு அறிந்தவர் என்பதைக் காட்டுகிறது. சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று அகத்தாய்வுப் பாடங்களும் உண்டு என்பதால், யோகத்தின் ஒழுக்க நெறிகளான இயம நியமப் பகுதி விட்டுப்போவதில்லை. கட்டணமும் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் சுமையாக இருக்காது.

குறை என்று சொன்னால், மன்றத்துக்கு மன்றம், பேராசிரியர்கள் என்று அழைக்கப்படும் பயிற்றுநர்களின் ஆழம் மாறும். பாடத்தை ஒப்பிக்கிறவரும் உண்டு. இருபது ஆண்டு தவம் செய்து, வந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தே அன்றைய தவத்தின் நேரத்தைக் குறைக்கிறவரும் உண்டு. எனவே அமைப்பின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காமல், உங்கள் தெருவில் இருக்கும் மன்றத்தில் உண்மையில் சொல்லித் தருபவரைப் பார்த்து முடிவெடுங்கள். பரமஹம்ச யோகானந்தரின் அமைப்பு அஞ்சல் பாடங்களாகப் படிப்படியாகக் கற்பித்து, ஆயத்தம் முடிந்த பிறகே கிரியா என்னும் தியான முறைக்குத் தீட்சை தருவதும் ஏறத்தாழ இந்த வகைதான். தனித்து ஒழுங்காகப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது பொருந்தும்.

நான்காவது வழி, ஓர் ஆசானிடம் தனியாகக் கற்பது. இதற்கு அதிக இடம் தருகிறேன், ஏனென்றால் குருவின் பணி எது என்பதை அதுவே மிகத் தெளிவாகக் காட்டுகிறது. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) மைசூர் அரண்மனை ஆதரவில் 1930களில் யோகசாலை நடத்தியபோது இளைஞர்களுக்குத் துள்ளும் வேகத்தில் கற்பித்தார். அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸின் வேகமான அஷ்டாங்க முறை அந்தக் காலத்தின் வித்து. அதே ஆசான் ஐயங்காருக்கு வேறொன்றைத் தந்தார். முதலில் சேர்த்துக்கொள்ள மறுத்து, மகாராஜாவின் பரிந்துரைக்குப் பிறகு ஏற்றுக்கொண்ட இந்திரா தேவிக்கு இன்னொன்றைத் தந்தார். 1950களில் சென்னைக்கு வந்த பிறகு, நோயாளிகளுக்கும் குடும்பஸ்தர்களுக்கும் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கற்பித்தார். அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் இந்தத் தனிப்பயிற்சி முறையைத் தன் அடையாளமாகக் கொண்டது. ஒரே ஆசானிடமிருந்து ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நான்கு முறைகள் வெளிவந்தது குழப்பத்தால் அல்ல. எதிரில் யார் இருக்கிறார் என்பதைப் பார்த்து அவர் மாற்றிக்கொண்டே இருந்தார்.

இந்த மரபின் தனிப்பயிற்சி எப்படி நடக்கும் என்பதை ஒரு சிறிய அசைவை வைத்துச் சொல்கிறேன். மாணவர் நின்றபடி, மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறார். மூச்சை விட்டுக்கொண்டே இறக்குகிறார். ஆசிரியர் தாம் எதையும் செய்து காட்டாமல் எதிரே உட்கார்ந்து கேட்கிறார். தொண்டையில் மெல்லிய ஒலியோடு வரும் மூச்சு, மூன்றாவது முறை வரை சீராக இருக்கிறது. நான்காவது முறையில் கை உச்சியை எட்டும் முன்பே மூச்சு முடிந்துவிட, மாணவர் கடைசி நொடியில் ஒரு சின்ன இழுப்பு இழுக்கிறார், புருவம் சுருங்குகிறது. ஆசிரியர் அங்கேயே நிறுத்தி, ஆறு முறை என்றிருந்ததை நான்காகக் குறைக்கிறார், கையை முழுவதும் தூக்காமல் தோள் உயரம் வரை தூக்கச் சொல்கிறார், இரவில் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று கேட்கிறார். அடுத்த வாரம் வரை வீட்டில் செய்ய வேண்டியதை ஒரு தாளில் கோட்டுப் படங்களாக வரைந்து தருகிறார். தாளில் ஆறு ஏழு படங்களும் மூச்சு எண்ணிக்கையும்தான் இருக்கும். அந்தத் தாள் அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். அவருடைய மனைவிக்குக்கூடப் பொருந்தாது.

இதன் குறைகள் வெளிப்படையானவை. செலவு வகுப்பைவிட அதிகம், இப்படிக் கற்றுத் தரக்கூடியவர்கள் பெருநகரங்களுக்கு வெளியே குறைவு, ஒருவரோடு ஒருவராக மூடிய அறையில் நடக்கும் பயிற்சி என்பதால் ஆசிரியரின் நடத்தை மிக முக்கியம். ஆயினும் முதுகுவலி, ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம், கருவுற்ற நிலை, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய காலம் ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு இந்த வழியைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். மருத்துவ மேற்பார்வையும் தேவைப்படுவோர் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை அணுகலாம்.

ஐந்தாவது வழி, ஆசிரமத்தில் தங்கி ஒரு குருவைச் சரணடைவது. பத்தமடையில் பிறந்து, மலேயாவில் மருத்துவராகப் பணியாற்றி, 1924இல் ரிஷிகேஷை அடைந்த சுவாமி சிவானந்தர் இவ்வழியின் சிறந்த முகம். காலை நான்கு மணித் தியானம், ஆசனம், வேதாந்த வகுப்பு, தொண்டு, கீர்த்தனம் என்று நாள் முழுவதும் பின்னப்பட்ட வாழ்க்கை, தனியாக வீட்டில் செய்யும் ஒரு மணி நேரப் பயிற்சி தொட முடியாத இடங்களைத் தொடும். மனித மனத்தின் சோம்பலையும் தன்முனைப்பையும் அருகிலிருந்து உடைக்கக்கூடியவர் குரு ஒருவரே என்பதை நான் மனமார நம்புகிறேன். "தெளிவு குருவின் திருமேனி காண்டல்" என்று திருமூலர் பாடியது வெறும் புகழ்ச்சி அல்ல.

அதே திருமூலர்தான், குருட்டை நீக்காத குருவைக் கொண்டவர்கள் குருடும் குருடும் சேர்ந்து ஆடிக் குழியில் விழுவார்கள் என்று ஆறாம் தந்திரத்தில் எச்சரித்தார். இது வெறும் கற்பனை அச்சமும் அல்ல. ஆஸ்திரேலியாவின் அரச விசாரணை ஆணையம், மாங்ரோவ் மவுன்டனில் இருந்த சத்யானந்த யோக ஆசிரமத்தில் 1970, 80களில் குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை 2014இல் பகிரங்கமாக விசாரித்தது. பட்டாபி ஜோயிஸ் 2009இல் மறைந்த பின்னர், ஆசனத்தைத் திருத்துவதாகச் சொல்லி அவர் தகாத முறையில் தொட்டதாக மாணவியர் பலர் வெளிப்படையாகக் கூறினர். அப்படிப்பட்ட தொடுதலைத் தாமும் கண்டதாக அவருடைய பேரன் சரத் ஜோயிஸ் 2019இல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். இவர்கள் பாதிக்கப்பட்டதற்கு அவர்களுடைய பக்திக் குறைவு காரணமல்ல. கேள்வி கேட்பதையே குற்றமாக்கிய சூழல்தான் காரணம்.

பகவத் கீதை நான்காம் அத்தியாயத்தின் 34ஆம் சுலோகம், ஞானிகளை வணங்கியும், கேள்வி கேட்டும், பணிவிடை செய்தும் அறிந்துகொள் என்கிறது. வணக்கத்துக்கும் பணிவிடைக்கும் நடுவில் கேள்வி நிற்கிறது. ஓர் ஆசிரமத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அங்கே இந்த நடுச்சொல் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் கேட்டவருக்கு என்ன பதில் கிடைக்கிறது, விலகிச் சென்ற பழைய சீடரைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள், கணக்கு வழக்கு வெளிப்படையாக இருக்கிறதா, தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்கிறார்களா, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா என்பவற்றை ஒரு வாரம் தங்கினாலே கண்டுகொள்ளலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்திலிருந்து அன்றே கிளம்பிவிடுவது நல்லது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருபவர்கள் நீண்ட மௌன முகாம்களுக்குச் செல்லும் முன் தங்கள் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இனி, யாருக்கு எது என்ற கேள்வி. உடல்நலம் உள்ள, முப்பது வயதுக்குட்பட்ட ஒருவர் சிறிய வகுப்பில் தொடங்கி, ஐயம் தோன்றும்போது நல்ல நூலைத் துணையாகக் கொண்டால் போதுமானது. மன அமைதியும் குடும்ப நல்லிணக்கமும் முதல் தேவை என்பவர்களுக்கு மன்ற முறை பொருந்தும். நோயுள்ளவர்கள், கும்பகம் உள்ள பிராணாயாமத்துக்குள் போக விரும்புபவர்கள் தனி ஆசானிடம்தான் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. ஆசிரமத்தையும் தீட்சையையும் பொறுத்தவரை, குறைந்தது ஓராண்டாவது ஒழுங்காகப் பயிற்சி செய்த பிறகு தேடுவது நல்லது. அப்போதுதான் குருவிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதே தெளிவாகும். வாழ்க்கையில் பெரிய இழப்பு ஒன்று நேர்ந்த மாதத்தில் தீட்சை எடுக்க முடிவு செய்வதைத் தள்ளிப்போடுங்கள். உண்மையான குரு காத்திருப்பார்.

ஆசான் பொருந்தவில்லை என்று தெரிந்தால் விலகுவது துரோகமாகாது. கற்றதற்கு நன்றி சொல்லி, காரணத்தை மறைக்காமல் சொல்லி விலகலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆசானை மாற்றிக்கொண்டே இருப்பவரின் மூச்சை எவருமே தொடர்ந்து கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால், சேரும் முன் நிதானமும் சேர்ந்த பின் பொறுமையும் வேண்டும்.

சிறிய ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஐந்தில் பாதி கிடைக்காது. அவர்கள் நல்ல ஆசிரியர் ஒருவரோடு காணொளி அழைப்பில் தனியாகக் கற்கலாம். கைபேசியை முன்னால் வைக்காமல் பக்கவாட்டில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வைத்தால், முதுகெலும்பின் வளைவும் வயிற்றின் அசைவும் ஆசிரியருக்குத் தெரியும். ஒலிவாங்கியைக் கழுத்துக்கு அருகே வைத்தால் மூச்சின் ஒலியும் கேட்கும். சில மாதங்களுக்கு ஒரு முறையாவது நேரில் சென்று காட்டிவர வேண்டும். அந்தச் சந்திப்பு வரை மூச்சைப் பிடிக்காமல், வெளிமூச்சை மட்டும் மெதுவாக நீட்டிப் பழகுங்கள். உள்மூச்சு நான்கு எண்ணிக்கை என்றால் வெளிமூச்சு ஆறு. அடுத்த உள்மூச்சு அவசரமாக வந்தால், ஆறை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.